மாந்தோப்புக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

"வாங்க சார், வந்து வேணுங்கிறத பறிச்சுக்குங்க" என்று யாரோ போனில் சொன்னதும் பத்துப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அப்படிச் சொன்னவருக்கு அந்தக் காயை விற்கும் உரிமை இருக்கிறதா என்று பார்க்காமல் போனவர்கள், தோப்பு வாசலில் காவல்காரரிடம் வாக்குவாதம் செய்துவிட்டு, வழியில் நாலு கிலோ வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். கீழே உள்ளது மூலக்கடை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி பக்கமிருந்து பெரியபாளையம், ஊத்துக்கோட்டை சாலைத் தோப்புகளுக்கு ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கானது.

இன்னொன்றையும் முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். மரத்திலிருந்து பழுத்த பழமாகப் பறித்து அங்கேயே கடித்துத் தின்பது அநேகமாக நடக்காது. தோப்பில் பறிப்பது முற்றிய காய். மரத்திலேயே பழுத்ததை அணிலும் கிளியும் வௌவாலும் முந்திக்கொள்ளும். உங்கள் கைக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிர்ஷ்டம்.

1. காய் இந்த வருஷம் யாருடையது?

மாந்தோப்புகளில் பெரும்பாலும் நிலம் ஒருவருடையது, காய் இன்னொருவருடையது. பூ விடும்போதோ பிஞ்சு பிடித்ததுமோ தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். அன்றிலிருந்து அறுவடை முடியும்வரை மரத்தில் தொங்கும் ஒவ்வொரு காயும் குத்தகைக்காரருடைய பணம். நிலத்துக்காரர் உங்கள் சித்தப்பாவின் சம்பந்தியாகவே இருந்தாலும், அவர் "பறிச்சுக்கோ" என்பதற்கு அந்த சீசனில் மதிப்பில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாலு காய்தானே பறிப்பார்கள் என்று நினைத்துச் சொல்லியிருப்பார். நீங்கள் நாலு கிரேட்டோடு போய் நிற்பீர்கள்.

அதனால் போனில் முதல் கேள்வியே இப்படி இருக்கட்டும்: "அண்ணே, இந்த வருஷம் தோப்பு உங்க கையில இருக்கா, குத்தகைக்கு விட்டிருக்கீங்களா?" குத்தகை என்றால் குத்தகைக்காரர் நம்பரை வாங்கி அவரிடமே பேசுங்கள். அவர் ஒப்புக்கொண்ட பிறகு கீழே உள்ளதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள்:

– வரும் தேதி, நேரம், எத்தனை பேர்
– எந்த ரகம், கிலோ என்ன விலை
– குறைந்தபட்சம் எத்தனை கிலோ எடுக்க வேண்டும்
– உள்ளே வர ஆளுக்குத் தனிக் கட்டணம் உண்டா
– தொரட்டியும் (காய் பறிக்கும் நீளக் கம்பு) பறிக்கும் ஆளும் அவர் தருவாரா, அந்த ஆளுக்குக் கூலி யார் தருவது
– கடைசியாக மருந்து அடித்தது எப்போது

நீங்கள் கொண்டுபோக வேண்டிய முக்கியமான ஆவணம் இந்த ஒரு மெசேஜ்தான். தோப்புக்குள் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். காவல்காரர் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

மருந்துக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த மருந்து என்பதைப் பொறுத்துக் காத்திருக்க வேண்டிய நாள் மாறும். பதினைந்து நாளுக்குள் அடித்திருந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள், தேதியைத் தள்ளிப்போடுங்கள். "மருந்தே அடிக்கிறதில்லைங்க" என்ற பதிலை அப்படியே நம்பவும் வேண்டாம். பூவைக் கெடுக்கும் தத்துப்பூச்சியை ஒழிக்க, பூப்பூக்கும் சமயத்தில் மருந்து அடிக்காத குத்தகைக்காரர் அபூர்வம். அந்த நேரத்து மருந்துக்கும் அறுவடைக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி இருப்பதால் அதைப் பற்றிக் கவலையில்லை. நீங்கள் கேட்க வேண்டியது காய் முற்றிய பிறகு அடித்தார்களா என்பதுதான்.

2. விலை பேசும் முறை

மூன்று விதமாகப் பேசுவார்கள். கிலோ கணக்கு, மரக் கணக்கு, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு "சாப்பிடுகிற வரை சாப்பிடுங்கள்" என்பது. கிலோ கணக்கைத் தவிர எதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மரக் கணக்கில் மரத்தைப் பார்த்ததும் காய் நிறைய இருப்பதுபோலத் தெரியும். பாதி முற்றியிருக்காது, கால்வாசி எட்டாத உயரத்தில் இருக்கும். ஆள் கணக்கில் சாப்பிடுவதற்குப் பழமே இருக்காது.

எடை போடும்போது இரண்டு விஷயம். ஒன்று, கிரேட்டின் எடை. இருபது கிலோ பிடிக்கும் பிளாஸ்டிக் கிரேட் காலியாகவே ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருக்கும். காலி கிரேட்டைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். ஐந்து கிரேட் எடுத்தால் கழிக்காமல் விட்ட எடை பத்து கிலோ வரை ஆகிவிடும். உதாரணத்துக்குக் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 600 ரூபாய் வரை பிளாஸ்டிக்குக்குக் கொடுத்தவராவீர்கள். இரண்டு, தராசு. கையோடு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருக்குமல்லவா? திறக்காத பாட்டிலைத் தராசில் வையுங்கள். ஒரு கிலோவுக்குச் சற்று மேலே, பாட்டிலின் எடை சேர்த்து, காட்ட வேண்டும். 1,150 கிராம் காட்டினால் சிரித்துக்கொண்டே "அண்ணே, தராச கொஞ்சம் சரி பண்ணுங்க" என்று சொல்லுங்கள்.

பணம் சில்லறையாகக் கையில் இருக்கட்டும். தோப்பில் ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். முன்பணம் கேட்டால் கொஞ்சமாக அனுப்பிவிட்டு மீதியை எடை போட்ட பிறகு தருவதாகச் சொல்லுங்கள்.

3. எந்த வாரம், எந்த நாள்

செந்தூரா ஏப்ரலிலேயே வந்துவிடும். பங்கனப்பள்ளி ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுக்க. ருமானியும் மல்கோவாவும் மே, ஜூன். நீலம் கடைசியாக ஜூன், ஜூலையில். பள்ளி விடுமுறையும் பங்கனப்பள்ளியும் ஒன்றாக வருவதால் எல்லோரும் மே மாதத்தில் போகிறார்கள். மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில் என்பதை மறந்துவிடாதீர்கள். ஏப்ரல் கடைசி வாரம் போக முடிந்தால் அதுதான் நல்லது. காய் முற்றியிருக்கிறதா என்று மட்டும் முந்தின நாள் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள் விஷயத்தில் வடக்குப் பக்கச் சாலைக்கே உரிய கணக்கு ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போகும் கூட்டம், நீங்கள் போகவேண்டிய ஜி.என்.டி. சாலையை (சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை) நிரப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் கூட்டம். ஆடி பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், வேப்பிலை கட்டிய வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். நீலம் பறிக்க ஜூலைக் கடைசியில் போகிறவர்கள் இதில் மாட்டுகிறார்கள். சனிக்கிழமையோ வார நாளில் புதன், வியாழனோ வைத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்த மறுநாள் வேண்டாம். களிமண் தடத்தில் வேன் டயர் புதைந்தால் டிராக்டர் தேட வேண்டும். ஈரக் காயும் வீட்டுக்கு வந்து கரும்புள்ளி விழுந்து அழுகும்.

4. வண்டியும் அதன் காகிதங்களும்

மூலக்கடையிலிருந்து பெரியபாளையம் சுமார் 40 கிலோமீட்டர். மாதவரம் ரவுண்டானா, செங்குன்றம், சோழவரம், காரனோடை தாண்டி ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் இடது பக்கம் திரும்ப வேண்டும். வழியில் நல்லூர் சுங்கச்சாவடி இருக்கிறது. ஃபாஸ்டேகில் பணம் இல்லாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டும், முந்தின நாள் இரவே பார்த்துவிடுங்கள். திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் மணலி வழியாக மாதவரம் வருவதென்றால் காலை ஐந்தரைக்குள் கிளம்பினால்தான் உண்டு. அதற்கப்புறம் கன்டெய்னர் லாரி வரிசையில் நின்றால் வெயில் ஏறிவிடும். பஸ்ஸில் போவதென்றால் செங்குன்றத்திலிருந்து பெரியபாளையம், ஊத்துக்கோட்டைக்கு வண்டிகள் உண்டு. ஆனால் திரும்பும்போது நாற்பது கிலோ காயைப் பஸ்ஸில் ஏற்ற நினைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பை, அவ்வளவுதான்.

சொந்தக் கார் என்றால் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. இவை டிஜிலாக்கரில் இருந்தால் போதும். வாடகை வேன் என்றால் பேசும்போதே நான்கு விஷயம் கேளுங்கள்: குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு, காத்திருப்புக்குத் தனிப் பணமா, டிரைவர் பேட்டா எவ்வளவு, சுங்கம் யார் தலையில். கடைசியாக ஒன்று, மஞ்சள் போர்டுதானா என்று. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுகிறவர்கள் நம் பகுதியில் நிறைய. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும். குட்டி யானையில் பின்னால் பாய் விரித்து ஆட்களை ஏற்றுவதும் அப்படியே. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. போகும்போது ஜாலியாக இருக்கும், போலீஸ் நிறுத்தினால் நடுரோட்டில் எல்லோரும் இறங்க வேண்டும்.

மாநில எல்லையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திரா. மேப்பில் பார்த்தால் தோப்பு "இதோ பக்கத்தில்" என்று தெரியும், அது சத்தியவேடு பக்கமோ நாகலாபுரம் பக்கமோ இருக்கும். சொந்தக் காருக்குப் பிரச்சினையில்லை. வாடகை வேனுக்கு ஆந்திரா பர்மிட்டோ அகில இந்திய பர்மிட்டோ வேண்டும். தோப்பு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று குத்தகைக்காரரிடம் கேட்டு, அதை வேன்காரரிடம் வண்டி பேசும்போதே சொல்லிவிடுங்கள். எல்லையில் நின்றுகொண்டு சொன்னால் அபராதம் உங்கள் கணக்கில்தான்.

5. எடுத்துப்போக வேண்டியவை

முழுக்கை சட்டை, மூடிய செருப்பு அல்லது ஷூ, தொப்பி. ஒரு வாளி. தேங்காய் எண்ணெய் சின்ன பாட்டில். பழைய செய்தித்தாள் கட்டு. காய்க் காம்பு வெட்டச் சின்னக் கத்தரிக்கோல். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சாப்பாட்டுக்குப் புளிசாதம், தயிர்சாதம், எலுமிச்சை சாதம் என்று முடித்துக்கொள்ளுங்கள். தோப்பில் அடுப்பு மூட்டாதீர்கள், காய்ந்த சருகு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். கழிப்பறை இருக்காது. ஜனப்பன்சத்திரத்தில் திரும்புவதற்கு முன் ஏதாவது பெட்ரோல் பங்கில் நிறுத்தி எல்லோரும் போய்வந்துவிடுங்கள், குறிப்பாகப் பெண்களும் குழந்தைகளும்.

6. முற்றிய காயைக் கண்டுபிடிப்பது

நிறத்தைப் பார்த்துப் பறிக்காதீர்கள். செந்தூரா பிஞ்சிலேயே சிவப்பாக இருக்கும். பார்க்க வேண்டியது காயின் தோள், அதாவது காம்பை ஒட்டிய மேல்பகுதி. பிஞ்சுக் காயில் காம்பிலிருந்து இரண்டு பக்கமும் சரிவாக இறங்கும். முற்றிய காயில் காம்புக்கு இரு பக்கமும் சதை உப்பி மேலே வந்து, காம்பு ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்ததுபோல இருக்கும். பச்சையின் பளபளப்பு குறைந்து, தோலில் சாம்பல் பூத்த மாதிரி மங்கல் தெரியும், சின்னச் சின்னப் புள்ளிகள் தெளிவாகும்.

சந்தேகம் வந்தால் வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றியது மூழ்கும், முற்றாதது மிதக்கும். மரத்துக்கு இரண்டு காய் இப்படிப் பார்த்தால் போதும். அதிலும் நம்பிக்கை வராவிட்டால் ஒரு காயை அறுத்துப் பாருங்கள்: கொட்டை கத்திக்கு மசியாமல் இருந்து, கொட்டையை ஒட்டிய சதை வெளிர் மஞ்சளாக மாறியிருந்தால் அந்த மரத்தில் கை வைக்கலாம். சதை சுத்த வெள்ளையாக இருந்தால் அது ஊறுகாய்க்குத்தான். வீட்டில் எத்தனை நாள் வைத்தாலும் சுருங்குமே தவிர இனிக்காது. தோப்புக் காய் "பழுக்கவே இல்லை, புளிக்கிறது" என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் படியில்தான் தவறியிருப்பார்கள்.

கீழே கிடக்கும் உதிர்காயைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்பார்கள். ஊறுகாய், தொக்குக்கு வாங்கலாம். பழுக்க வைக்க வேண்டாம், அடிபட்ட இடத்திலிருந்து அழுகிப் பக்கத்துக் காயையும் கெடுக்கும்.

7. பறிப்பது

மரம் ஏறாதீர்கள். நுனியில் கத்தியும் வலைப்பையும் வைத்த தொரட்டியால் பறிக்க வேண்டும். காயை வலைக்குள் விட்டு, காம்பைக் கத்தியில் மாட்டி, ஒரு சுண்டு. இழுக்கக் கூடாது, இழுத்தால் காம்பு அடியோடு பிய்ந்துவரும். மூங்கில் தொரட்டியே பிடியுங்கள். தோப்புக்குள் மோட்டாருக்குப் போகும் மின்கம்பி தாழ்வாகத் தொங்கும், அங்கே அலுமினியக் கம்பு எமன். பிள்ளைகளுக்குத் தாழ்ந்த கிளைகளை ஒதுக்கிவிடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கிறதா என்று போனதும் பார்த்து, அந்தப் பக்கம் பெரியவர் ஒருவர் உட்கார்ந்துகொள்ளட்டும்.

இலைகளைச் சேர்த்துத் தைத்த மாதிரி பந்தாகக் கூடு தெரிந்தால் அது செவ்வெறும்பு. அந்தக் கிளையைத் தொரட்டியால் தொட்டாலே சட்டைக்குள் கொட்டும். அடுத்த மரத்துக்குப் போய்விடுங்கள்.

இப்போது மாம்பால். இதை அலட்சியம் செய்தால் கையும் கெடும், காயும் கெடும். காம்பு ஒடிந்த நொடியில் பால் பீறிட்டு அடிக்கும். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் வரும். குழந்தைகளின் வாயோரத்தில் வரும் கருமைக்கும் இதுதான் காரணம். கை, கழுத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள். காயின் மேல் வழிந்த பால் இரண்டு நாளில் கறுப்புத் தழும்பாகி அந்த இடம் அழுகும்.

அதனால் முதலில் காம்பை விரல் நீளம் விட்டுப் பறியுங்கள். பிறகு நிழலில், காயைத் தலைகீழாகப் பிடித்து, கத்தரிக்கோலால் காம்பை அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். பால் தரையில் சொட்டட்டும். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைக்கோல் மேலோ கிளைத்தழை மேலோ அரை மணி நேரம் சாய்த்து வையுங்கள். மண்ணில் வைக்காதீர்கள். பால் வடிந்ததும் வாளித் தண்ணீரில் ஒரு முறை அலசித் துடைத்து எடுத்தால் போதும்.

எவ்வளவு பறிப்பது? நால்வர் உள்ள வீட்டுக்குப் பத்து கிலோ தாராளம். பங்கனப்பள்ளி என்றால் இருபத்தைந்து முப்பது காய். ஒரே நாளில் பறித்தது ஒரே வாரத்தில் பழுக்கும். இருபது கிலோ எடுத்தவர்கள் எட்டாம் நாள் தெருவெல்லாம் விநியோகம் செய்கிறார்கள். அது புண்ணியம்தான், ஆனால் அதற்கா இவ்வளவு செலவு!

பத்தரைக்குள் பறிப்பை முடித்து, சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குள் வண்டி ஏறிவிடுங்கள்.

8. வீட்டுக்குக் கொண்டுவருவது

கோணிச் சாக்கு வேண்டாம், மேல் காய் கீழ்க் காயை நசுக்கும். கிரேட்டில் செய்தித்தாள் விரித்து, அதிகபட்சம் மூன்று அடுக்கு. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் அடைத்துவிட்டு வழியில் கோயில், ஓட்டல் என்று இறங்கினால் காய் வெந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, அறுத்தால் உள்ளே சதை கலங்கியிருக்கும்.

9. பழுக்க வைப்பது

வீட்டுக்கு வந்த அன்றே ஒரு வேலை செய்துவிட்டால் கரும்புள்ளி அழுகல் வெகுவாகக் குறையும். சுமார் 52 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிஷம் முக்கி எடுப்பது. தெர்மாமீட்டர் இல்லையா? கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் கிட்டத்தட்ட அந்தச் சூடு வரும். தண்ணீர் நிறைய இருக்க வேண்டும், குறைவாக இருந்தால் காய் போட்டதும் ஆறிவிடும். எடுத்து, ஈரம் போகத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள்.

பிறகு கட்டிலுக்கு அடியிலோ ஷெல்ஃப் கீழ்த்தட்டிலோ வைக்கோல் அல்லது செய்தித்தாள் பரப்பி, காய்கள் ஒன்றோடொன்று உரசாமல் ஒரே அடுக்காக, காம்பு கீழே பார்க்க வையுங்கள். நடுவில் இரண்டு பழுத்த வாழைப்பழம் வைத்தால் சீக்கிரம் பழுக்கும். மேலே மெல்லிய துணி போதும். பாலித்தீன் போட்டு மூடினால் வேர்த்து அழுகும். அரிசி டிரம்மில் புதைக்கும் வழக்கம் ஐந்தாறு காய்க்குச் சரி, பத்து கிலோவுக்கு ஆகாது. கார்பைட் கல்லைக் கிட்டேயே சேர்க்காதீர்கள், பழுக்க வைக்க அதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் ஒண்டிக் குடித்தனங்களில் எலித் தொல்லை உள்ளவர்கள் கிரேட்டின் மேல் இன்னொரு காலிக் கிரேட்டைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

மே மாத வெயிலில் நாலு முதல் எட்டு நாள் ஆகும். பழுக்காத காயை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் தோல் கறுத்துப் பழுக்கும் தன்மையே போய்விடும். பழுத்த பிறகு வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். தினமும் காலையில் ஒரு முறை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். காம்படியில் மூக்கை வைத்தால் வாசனை வருவதை அன்றே சாப்பிடுங்கள். கறுப்புப் புள்ளி பரவியதை உடனே தனியே எடுங்கள். நீலம் வாங்கியவர்கள் பழத்தை அப்படியே கடிக்காமல் அறுத்துச் சாப்பிடுவது நல்லது. கொட்டைக்குள் வண்டு இருக்கும் ரகம் அது. வண்டு சதையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த பழத்தை மட்டும் எறிந்துவிட்டு, கொட்டையோடு நின்றிருந்தால் சதையைத் தாராளமாகச் சாப்பிடலாம்.